தட்டைப் படத்தில் முழு உருவம் தேடியவர்

கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில், சிற்பி கல்லின் மேற்பரப்பில் கோடுகளை வரைந்துகொண்டு, உளியால் செதுக்கி முழு உருவத்தை வெளிக்கொணர்கிறார். நம் கண்களும் நொடிதோறும் இதற்கு இணையான பணியைச் செய்கின்றன. விழித்திரையில் விழும் பிம்பம் தட்டையானது. நாம் காண்பதோ நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் உடைய உலகம். இஃது எவ்வாறு நிகழ்கிறது? கணினிக்கும் இதனைக் கற்பிக்க இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர் டேவிட் மார்.

1945ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த மார், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்றார். பின்னர் அவரது நாட்டம் மூளையின்பால் திரும்பியது. சிறுமூளையின் செயல்பாடு குறித்து 1969இல் அவர் வெளியிட்ட கோட்பாடு அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. அதன்பின் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

நரம்பணுக்களை மட்டும் ஆராய்வதால் பார்வை விளங்கிவிடாது என்பது அவரது துணிபு. நாழிகை வட்டிலும் கைக்கடிகாரமும் அமைப்பில் வேறுபட்டவை. காலத்தை அளத்தல் என்னும் நோக்கம் ஒன்றே. அவ்வாறே, பார்வையின் நோக்கம், அதனை நிறைவேற்றும் வழிமுறை, அவ்வழிமுறையைச் செயற்படுத்தும் உறுப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

பார்வை படிப்படியாக உருவாகிறது என்றும் அவர் விளக்கினார். முதற்படியில், ஒளி திடீரென மாறும் இடங்களைக் கொண்டு விளிம்புகள் அறியப்படுகின்றன. அடுத்து, பரப்புகளின் தொலைவும் சாய்வும் பார்ப்பவரின் நிலையிலிருந்து கணிக்கப்படுகின்றன. இறுதியில், எத்திசையிலிருந்து நோக்கினும் மாறாத முப்பரிமாண உருவம் அமைகிறது. மனித உடலைக்கூட, ஒன்றோடொன்று இணைந்த உருளைகளின் தொகுதியாகக் கணினிக்கு விவரிக்கலாம் என நிஷிஹாராவுடன் இணைந்து அவர் காட்டினார்.

ஆய்வு செழித்து வளர்ந்த வேளையில், அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகள் கழித்து எழுத எண்ணியிருந்த நூலை உடனே எழுதத் தொடங்கினார். நோயின் துன்பத்திற்கிடையிலும் எழுதுகோல் ஓயவில்லை. 1980 நவம்பர் 17 அன்று, முப்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். ‘பார்வை’ எனப் பொருள்படும் பெயருடைய அந்நூல் 1982இல் வெளிவந்தது. அச்சான நூலைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

இன்றைய கணினிகள் எண்ணற்ற படங்களைக் கண்டு தாமே கற்கின்றன. அவ்வழி மார் வகுத்த வழியினின்று பெரிதும் வேறுபட்டது. எனினும், கணினிப் பார்வைக்கான பன்னாட்டு மாநாட்டில் சிறந்த ஆய்வுக்கு அவர் பெயராலேயே பரிசு வழங்கப்படுகிறது. விடைகள் மாறலாம், சரியான வினாவை எழுப்பியவரின் புகழ் மாய்வதில்லை.