ஜாதகக் கட்டமும் கணக்கு நோட்டும் ஓவியமான கதை... ஈ.சி.ஆர். 'சோழமண்டலம்' உருவாகக் காரணமான கே.சி.எஸ். பணிக்கர் யார்?

உங்க வீட்டு பீரோவுல ஒரு ஜாதக நோட்டு இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உள்ளே கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ள சின்னச் சின்ன எழுத்தா எழுதியிருப்பாங்க. கல்யாணப் பேச்சு வந்தா வெளியே எடுப்போம், முடிஞ்சதும் திரும்ப உள்ளே வச்சிடுவோம். அதை யாரும் ஓவியமா பார்த்ததில்லை.

ஆனா ஒருத்தர் பார்த்தார். அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னையில இருந்து மாமல்லபுரம் போற ஈ.சி.ஆர். சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற 'சோழமண்டலம்' கலைஞர்கள் கிராமம் உருவாகக் காரணமானவரும் அவரேதான். ரிசார்ட்னு நினைச்சு பலர் கடந்து போற அந்த இடத்துக்குப் பின்னாடி என்ன கதை இருக்கு? பார்க்கலாம்.

தந்தித் துறையில் இருந்து தூரிகைக்கு

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பூர்வீகம் மலபாரின் பொன்னானி. தென்னந்தோப்பு, வாய்க்கால், பச்சை வயல் என ஊரைச் சுற்றிப் பார்த்ததை எல்லாம் சிறுவயதிலேயே வரைய ஆரம்பித்தார். 17 வயதில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவரது படங்கள் இடம்பெற்றன.

ஆனால் வீட்டுச் சூழல் அவரை வேலைக்கு அனுப்பியது. தந்தித் துறையில் சேர்ந்தார். ஓவியம் ஓய்வு நேர வேலையானது. பல வருஷம் இப்படியே ஓடிய பிறகு, 25 வயதில் ஒரு முடிவெடுத்தார். 1936-ல் சென்னை அரசு கலை, தொழிற்கல்விப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

படிப்பை முடித்த பணிக்கர், அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர்கள் சங்கத்தைத் தொடங்கினார். மும்பையின் புகழ்பெற்ற முற்போக்குக் கலைஞர்கள் குழு 1947-ல்தான் உருவானது. அதாவது, சென்னை மூணு வருஷம் முந்திக்கொண்டது.

1957: ஒரே கடற்கரை, இரண்டு பாதைகள்

1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு பணிக்கர் கலைப் பள்ளியின் முதல்வரானார். அதே வருஷம் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. இன்றைய கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான்.

மாமல்லபுரத்தில் பாதை தெளிவாக இருந்தது. சிற்ப சாஸ்திரம் இருக்கு, அளவு இருக்கு, ஸ்தபதிகள் இருக்காங்க. பல்லவர் காலக் கற்கோயில்கள் கண் முன்னாடியே நிற்குது. ஆனா சென்னைக் கலைப் பள்ளியில் இருந்த பணிக்கருக்கு அப்படி ஒரு நூல் கையில் இல்லை.

1954-ல் லண்டன், பாரிஸ் நகரங்களில் தன் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டுத் திரும்பியவர் அவர். ஐரோப்பிய நவீன ஓவியம் என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்தவர். அதை அப்படியே செய்தால் நகல். அஜந்தாவையும் கோயில் ஓவியத்தையும் திரும்ப வரைந்தால் அதுவும் நகல்தான். அப்போ, இந்தக் காலத்தில் இந்த ஊரில் வாழும் ஒருத்தர் எதைப் பார்த்து வரைவது? அடுத்த சில வருஷங்கள் அவரை விடாமல் துரத்தியது இந்தக் கேள்விதான்.

பதில் கிடைத்தது ஒரு கணக்கு நோட்டில்

ஒரு மாணவரின் கணக்கு நோட்டு பணிக்கரின் கண்ணில் பட்டது. பக்கம் முழுக்க எண்கள், அல்ஜீப்ரா குறிகள், வடிவியல் கோடுகள். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் எப்படித் தோற்றம் தருகிறது என்பதைப் பார்த்தார். எழுத்து நெருக்கமாக ஒரு பக்கம், கோடு தனியாக ஒரு பக்கம், நடுவில் வெற்றிடம். ஜாதகத்தின் கட்டங்களும், மலையாள எழுத்தின் வளைவுகளும் அதோடு சேர்ந்துகொண்டன.

1963-ல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை பிறந்தது. அந்தப் படங்களில் கட்டங்கள் இருக்கும், அட்டவணை மாதிரி கோடுகள் இருக்கும், மீன், பறவை மாதிரி சின்ன உருவங்கள் இருக்கும். எல்லாவற்றையும் சுற்றி வரி வரியாக எழுத்து ஓடும். கிட்டப்போய்ப் படிச்சுப் பார்த்தா அர்த்தம் எதுவும் கிடைக்காது. அது எழுத்து மாதிரி இருக்கும், ஆனா எழுத்து இல்லை. படிக்கிற பழக்கத்தை நிறுத்தி, வடிவத்தை மட்டும் பார்க்க வைக்கிற ஒரு வேலை அது.

அருங்காட்சியகத்திலும் கோயிலிலும் மட்டுமே கலை இருக்கு என்ற எண்ணத்தை இந்தப் படங்கள் உடைத்தன. ஜோசியர் எழுதியதும், பள்ளிக்கூடப் பையன் கிறுக்கியதும்கூட ஓவியருக்குப் பாடமாக முடியும் என்பதற்கு அவை சாட்சி.

பசிக்கு என்ன வழி? பத்திக் துணி!

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. நல்லா வரையத் தெரிஞ்ச மாணவர்கள் வருஷா வருஷம் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆனால் நவீன ஓவியத்தை வாங்க அன்றைய சென்னையில் ஆளில்லை. ஓவியத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு வேலைக்குப் போவதுதான் பலருக்கு முன்னால் இருந்த வழி. தந்தித் துறையில் இருந்து வந்த பணிக்கருக்கு அந்த வலி தெரியும்.

அவர் கண்ட வழி, கைவினை. ஓவியர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பத்திக் துணிதான் அதில் முக்கியம். துணியில் உருக்கிய மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் வரைந்த வடிவம் துணியில் நிற்கும். ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள்கூட அந்தத் துணிகளை வாங்கினார்கள்.

1966: மணல்வெளியில் ஒரு கிராமம்

அந்த வருமானம்தான் நிலமானது. 1966-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணல்வெளியில் சுமார் 10 ஏக்கரில் கலைஞர்கள் கிராமம் உருவானது. சுமார் 30 கலைஞர்கள் சேர்ந்தார்கள். சோழர் நாட்டின் பெயரால் சோழமண்டலம் என்று பெயர் வைத்தார்கள்.

கைவினை செய்து சோறு, மிச்ச நேரத்தில் தன் விருப்பப்படி ஓவியமோ சிற்பமோ. இதுதான் திட்டம். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் எனப் பலர் இங்கே வேலை செய்தவர்கள்.

எல்லாருக்கும் வாழ்க்கை சரியாக அமைந்துவிடவில்லை. கறுப்பு மையில் கனவு மாளிகைகளை வரைந்த கே. ராமானுஜம், இங்கே வாழ்ந்து 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். நிலம் கொடுத்தால் மட்டும் ஒரு கலைஞரைக் காப்பாற்றிவிட முடியாது என்பதும் இந்தக் கிராமத்தின் கதையில் இருக்கு.

பணிக்கர் காலத்துக் கல்லூரியில் படித்த இன்னொருவர் கே.எம். ஆதிமூலம். தமிழ்ப் புத்தக அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் அவர் வரைந்த எழுத்துகளும் கோட்டோவியங்களும் ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றின. எழுத்தையே உருவமாகப் பார்க்கும் பார்வை, ஓவியச் சட்டகத்தைத் தாண்டி நம்ம வீட்டு அலமாரி வரைக்கும் வந்தது.

பணிக்கர் 1967-ல் முதல்வர் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றார். 1976-ல் லலித் கலா அகாடமியின் ஃபெல்லோவாகத் தேர்வானார். 1977 ஜனவரியில் காலமானார். அவரது ஓவியங்களுக்காகத் திருவனந்தபுரத்தில் தனிக் காட்சிக்கூடம் இருக்கு.

இன்னைக்கு என்ன நிலைமை?

ஈ.சி.ஆர். சாலை வந்தது, நில மதிப்பு எகிறியது, ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் போனது. சோழமண்டலம் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கு. 2009-ல் சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது.

இன்னைக்கு டிசைன் படிக்கிறவங்க ஐடியா வேணும்னா முதல்ல மொபைலைத்தான் திறக்கிறாங்க. உலகம் முழுக்கப் பார்க்கிறதுல தப்பில்லை, பணிக்கரும் பாரிஸ் வரைக்கும் போய்ப் பார்த்தவர்தான். ஆனா அவருக்கு விடை கிடைச்சது பக்கத்து மேஜை நோட்டில்.

அடுத்த முறை மாமல்லபுரம் போற வழியில் ஒரு மணி நேரம் ஈஞ்சம்பாக்கத்தில் வண்டியை நிறுத்துங்க. வீட்டுக்கு வந்ததும் அந்த ஜாதக நோட்டை வெளியே எடுங்க. பலன் என்னன்னு பார்க்காதீங்க, கட்டத்தை மட்டும் பாருங்க.