யார் இந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ்? 40 மணி நேர வேலை வாரமும், அதற்கு வெளியே விடப்பட்ட வீட்டுப் பராமரிப்பாளர்களும்

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரம் வேலை, அதற்கு மேல் பார்த்தால் ஓவர்டைம். இந்தக் கணக்கைச் சட்டமாக்கியதில் முக்கியமான பெயர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அந்நாட்டு மத்திய அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண். ஆனால், நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கு அந்தச் சட்டம் முழுசாகப் போய்ச் சேர பல பத்தாண்டுகள் ஆயின. ஏன்? விடை பெர்கின்ஸின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1880-ல் பாஸ்டனில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது இயற்பியல். படிக்கும்போதே ஆலைகளை நேரில் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார் ஓர் ஆசிரியை. அதன்பிறகு அவர் கவனம் தொழிலாளர் பக்கமே போனது. பிலடெல்பியாவில் இருந்தபோது, வீட்டு வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி, ஊருக்குப் புதிதாக வந்த இளம்பெண்களைப் பாலியல் தொழிலில் தள்ளிய போலி வேலைவாய்ப்பு ஏஜென்சிகளைத் துருவி ஆராய்ந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை

1911 மார்ச் 25. நியூயார்க்கில் ஒரு தோழியின் வீட்டுக்குத் தேநீருக்குப் போயிருந்தார் பெர்கின்ஸ். வெளியே கூச்சல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பக்கத்திலேயே டிரையாங்கிள் சட்டை தயாரிப்பு நிறுவனம் எரிந்துகொண்டிருந்தது. நிறுவனம் இருந்தது கட்டடத்தின் 8, 9, 10-வது மாடிகளில். தீயணைப்பு ஏணி எட்டியதோ 6-வது மாடி வரைதான். தொழிலாளர்கள் துணி திருடிவிடக் கூடாது என்று ஒரு பக்கத்துக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து பெண்கள் குதிப்பதை அவர் கண்ணால் பார்த்தார். மொத்தம் 146 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள்.

பின்னர் அமைக்கப்பட்ட ஆலை விசாரணைக் குழுவில் பெர்கின்ஸ் செய்ததுதான் சுவாரசியம். அரசியல்வாதிகளை அறிக்கை படிக்க வைக்கவில்லை, கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். இரவு ஷிப்ட் முடிந்து துவண்டு வரும் பெண்களைப் பார்க்க ஆல் ஸ்மித்தை அழைத்துப் போனார். தீத்தப்பிப்பு வழி என்று சொல்லப்பட்ட ஒரு சிறிய ஓட்டை வழியாக, பனி உறைந்த ஏணிக்கு ராபர்ட் வாக்னரையே தவழ வைத்தார். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டக் கூடாது, தீயணைப்புப் பயிற்சி வேண்டும் என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன.

சட்டமும் சமரசமும்

1933-ல் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். குறைந்தபட்ச ஊதியம், வேலைநேர வரம்பு, முதியோர் ஓய்வூதியம் என்று நீண்ட பட்டியலோடுதான் பதவியை ஏற்றார். 12 ஆண்டுகளில் மருத்துவக் காப்பீடு தவிர கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சாதித்தார்.

விட்டுப்போனது எங்கே? 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அவர் தலைமையிலான குழு பரிந்துரைத்தது, வீட்டு வேலையாட்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் சேர்த்துத்தான். வீடு வீடாகப் போய் வரி வசூலிக்க முடியாது என்று நிதித்துறை ஆட்சேபித்தது. நாடாளுமன்றம் அவர்களை நீக்கிவிட்டது. தென் மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பின மக்கள். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு போவதை அந்த மாநில உறுப்பினர்கள் விரும்பவில்லை என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஓய்வூதியத்தில் வீட்டு வேலையாட்கள் சேர்க்கப்பட்டது 1950-ல்தான்.

1938-ல் வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. வேலை வாரம் 44 மணி நேரத்தில் தொடங்கி 40-க்கு இறங்கியது. ஆனால், மாநில எல்லை தாண்டும் வணிகத்தோடு தொடர்புள்ள வேலைக்கே அது பொருந்தும். ஒருவர் வீட்டில் படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி உட்கார வைப்பது எந்த எல்லையைத் தாண்டும்? ஆக, அது கணக்கில் வரவில்லை.

இதில் ஒரு வேதனை உண்டு. பெர்கின்ஸின் கணவர் பால் வில்சன் மனநோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டார். மருத்துவமனை, கவனிப்பு எல்லாவற்றுக்கும் பெர்கின்ஸின் சம்பளம்தான். அடுத்தவர் பராமரிப்பை நம்பி ஒரு குடும்பம் ஓடுவது என்றால் என்ன என்று அவருக்குச் சொந்த வீட்டிலேயே தெரியும். 1939-ல் அவரைப் பதவிநீக்கம் செய்யவும் முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. கடைசிக் காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965-ல் மறைந்தார்.

அதன் பிறகு

1974-ல் வீட்டு வேலையாட்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் வந்தது. கூடவே ஒரு விலக்கும் வந்தது: முதியவருக்குத் 'துணையாக' இருப்பவருக்கு அது பொருந்தாது. சும்மா பேச்சுத்துணைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரை மனதில் வைத்த வார்த்தை அது. ஆனால், ஏஜென்சி மூலம் முழுநேரம் வேலை பார்த்தவர்களையும் அந்த வார்த்தைக்குள் அடைத்தார்கள். குளிப்பாட்டுவது, தூக்குவது, இரவெல்லாம் விழித்திருப்பது, இடுப்பு பிடித்துக்கொண்டாலும் மறுநாள் போவது எல்லாம் 'துணை' ஆகிவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்து இந்த வேலை பார்த்த ஈவ்லின் கோக், ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்.

பணியிடப் பாதுகாப்பு விதிகளிலும் இதே கதைதான். வீட்டுச் சமையலுக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ ஆள் வைக்கும் தனிநபரை அவை முதலாளியாகவே கருதுவதில்லை.

2013-ல் தொழிலாளர் துறை விதியை மாற்றி எழுதியது. நீதிமன்றச் சிக்கல்களைத் தாண்டி 2015-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, ஏஜென்சிகளில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஓவர்டைம் கிடைத்தது. கோக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2009-லேயே இறந்துவிட்டார்.

வாஷிங்டனில் தொழிலாளர் துறையின் தலைமையகத்துக்கு 1980 முதல் பிரான்சிஸ் பெர்கின்ஸ் கட்டடம் என்று பெயர். அந்தத் துறைதான், 2013-ல் தான் கொண்டுவந்த அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்று 2025 ஜூலையில் முன்மொழிந்தது.