செவிக்கு அளவுகோல் தந்தவர்

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் செவியால் கேட்டலையும், கேட்டுப் பெறும் அறிவையும் ஒருங்கே குறிக்கும். குழந்தை கேட்டே பேசக் கற்கிறது; செவியின் வழி அடைபட்டால் பேச்சின் வழியும் அடைபடுகிறது. அவ்வழியைத் திறக்கத் தம் வாழ்நாள் முழுவதும் முயன்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என உலகம் அவரைப் போற்றுகிறது. அவரோ காதுகேளாதோரின் ஆசிரியர் என அறியப்படவே விரும்பினார்.

இளமை

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை மெல்வில் பெல், பேசும்போது நாவும் இதழும் அசையும் முறையைக் குறியீடுகளால் எழுதிக் காட்டியவர். தாய் எலிசா செவித்திறன் குறைந்தவர். ஆயினும் பியானோ இசைப்பதில் வல்லவர். பிறர் அவருடைய செவிக்குழலில் உரக்கப் பேசுவர். பெல்லோ தாயின் நெற்றியருகே வாய்வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவார்.

உடன்பிறந்தார் இருவரும் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சிய மகனையேனும் காக்க எண்ணிய பெற்றோர் 1870இல் கனடாவில் குடியேறினர்.

ஆசிரியப் பணி

1871இல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காதுகேளாதோர் பள்ளியில் பயிற்சியளிக்கத் தொடங்கினார். பிறவியிலேயே கேளாத சிறுவன் ஜார்ஜ் சாண்டர்சுக்கு, எழுத்துகள் பொறித்த கையுறை ஒன்றை அணிவித்து, அவ்வெழுத்துகளைத் தொட்டுத் தொட்டுச் சொற்களை உணர்த்தினார். ஐந்து வயதில் காய்ச்சலால் செவித்திறனை இழந்த மேபல் ஹப்பர்டும் அவருடைய மாணவியாவார். தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற மறு ஆண்டில், 1877இல், பெல் அவரை மணந்தார்.

அளவி பிறந்த கதை

ஒரு குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை அறியாமல் அதற்கு உதவ இயலாது. ஆகவே, 1879இல் பெல் செவித்திறன் அளவி ஒன்றை அமைத்தார். இரு மின்கம்பிச் சுருள்களுக்கு இடையேயுள்ள தொலைவு மிகுந்தால் ஒலி குறையும். தொலைவு குறைந்தால் ஒலி மிகும். எந்த இடத்தில் ஒலி கேளாமல் போகிறது என்பதை அளவுகோல் காட்டும். அதுகொண்டு அவர் பள்ளிப் பிள்ளைகளின் செவிகளைச் சோதித்தார். முற்றிலும் கேளாதவர் எனக் கருதப்பட்ட சிலருக்கும் சிறிது கேள்திறன் எஞ்சியிருப்பது இத்தகைய சோதனைகளால் தெரியவந்தது.

மாறாத கருத்து

பெல்லின் பணியில் ஒரு குறையும் உண்டு. காதுகேளாதோர் வாயால் பேசவே கற்கவேண்டும் எனக் கருதிய அவர், பள்ளிகளில் சைகைமொழியை எதிர்த்தார். காதுகேளாதோர் தமக்குள் மணந்துகொள்வது தீது என 1883இல் எழுதினார். இவை காதுகேளாதோர் பலரைப் புண்படுத்தின. அவர்தம் செவித்திறனை அளந்தவர், அவர்தம் கருத்துக்குச் செவிகொடுக்கவில்லை. சைகைமொழியும் முழுமையான மொழியே என்பதை இன்று மொழியியல் ஏற்கிறது.

இன்றைய பயன்

1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பெல் கனடாவில் மறைந்தார். நல்லடக்கத்தின்போது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்தன. ஒலியை அளக்கும் டெசிபல் என்னும் அலகில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

இன்று பேசவறியாத கைக்குழந்தையின் செவித்திறனையும், அது உறங்கும்போதே மூளையின் மின்குறிப்புகளைக் கொண்டு டெசிபலில் கணிக்கின்றனர். குழந்தையின் செவிக்குழாய் சிறியது. ஆகவே, அதே கருவி பெரியவர் செவியைவிட அதன் செவியில் மிகுந்த ஒலியை எழுப்பும். மெல்லிய குழலைச் செவியினுள் செலுத்தி, உள்ளே சேரும் ஒலியை அளந்தே செவித்துணைக் கருவியைப் பொருத்துகின்றனர். செவி வளர வளர, கருவியைத் தாங்கும் செவி அச்சையும் மாற்றவேண்டும். இல்லையெனில் ஒலி கசிந்து கீச்சிடும்.

பொருத்துவதோடு பணி முடிவதில்லை. பெற்றோர் நாள்தோறும் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளை எழுப்புகின்றனர். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இவற்றுள் அடங்கும். இதழசைவைக் காணாமலே குழந்தை ஒவ்வொன்றுக்கும் திரும்பினால் கருவி செவ்வனே இயங்குகிறது. ஒன்றுக்குத் திரும்பாவிடினும் கருவியை உடனே சோதிக்கவேண்டும். கருவி நன்றா என்பதற்குக் குழந்தையே சான்று.