அகரவரிசை கண்ட அம்மையார்

அதியமான் நெல்லிக்கனி ஈந்து ஔவையைப் போற்றிய தகடூர் நாட்டில், அவன் பெயரையே தாங்கி நிற்கும் ஊரில், புலமை சான்ற பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தால் ஔவையே முதலில் நினைவுக்கு வருவார். அவரைப் பற்றி நம் வட்டத்தின் மேடையில் பலமுறை பேசிவிட்டோம். மறைமலையடிகளின் மகளார் என்னும் ஒரே தொடருக்குள் அடக்கி நாம் மறந்துவிட்ட நீலாம்பிகை அம்மையாரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றேன்.

அம்மையார் 1903ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் அப்போது வேதாசலம் என்ற பெயரோடு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அவ்வீடே மகளுக்குப் பள்ளியும் கல்லூரியும் ஆயிற்று. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என மும்மொழி நூல்களும் நிறைந்திருந்த இல்லம் அது. பெண்மக்களை எழுத்தறியும் அளவோடு நிறுத்திவிடுவது வழக்கமாயிருந்த அந்நாளில், அடிகள் தம் மகளுக்குச் சங்க நூல்களையும் சைவத் திருமுறைகளையும் தாமே பயிற்றுவித்தார்.

1916ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தந்தையும் மகளும் தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்தனர். அடிகள் வள்ளலாரின் திருவருட்பாவிலிருந்து ஒரு பாடலைப் பாடினார். அதில் தேகம் என்ற சொல் வந்தது. அவ்விடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் ஓசையும் பொருளும் இன்னும் சிறந்திருக்கும் என்று அடிகள் கூறினார். அப்போது அம்மையாருக்குப் பதின்மூன்று வயது. அவ்வாறாயின் நாம் ஏன் இனிப் பிறமொழிச் சொல் கலவாமலே பேசவும் எழுதவும் கூடாது என்று மகள் வினவ, அன்றே தனித்தமிழ் உறுதி பிறந்தது என்பர். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. திருஞானசம்பந்தம் என்ற மகனார் அறிவுத்தொடர்பு ஆனார். அம்மையாரின் பெயர் மட்டும், அம்பிகை என்ற வடசொல்லோடு, நூல்களின் முகப்பில் நிலைத்துவிட்டது!

கொள்கையை உரைப்பது எளிது. அதற்குக் கருவி செய்து தருவதே அரிது. மேடையில் தனித்தமிழை முழங்கியவர் பலர். ஆயின் கடிதம் எழுதுபவனுக்கும் பாடம் நடத்துபவனுக்கும் வேண்டியது முழக்கமன்று. இந்த வடசொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல் எது என்ற விடையே. அவ்விடையை அம்மையார் தேடித் தந்தார். 1925இல் தனித்தமிழ்க் கட்டுரைகள் என்ற நூலை வெளியிட்டு, அந்நடையில் செய்திகளை இயல்பாக எழுத இயலும் என்பதைக் காட்டினார். பின்னர் 1930களின் இறுதியில் வடசொற்றமிழ் அகரவரிசை வெளிவந்தது. தமிழில் புகுந்து வழங்கும் வடசொற்களை அகரமுறையில் நிறுத்தி, எதிரே தமிழ்ச்சொற்களை வைத்த நூல் அது. எது வடசொல், எது தமிழ்ச்சொல் என்று பிரித்தறிய இரு மொழியிலும் பயிற்சி வேண்டும். வடமொழியை அறியாதவரின் வெறுப்பிலிருந்து அவ்வகரவரிசை பிறக்கவில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

1927இல் திருவரங்கனாரை அம்மையார் மணந்தார். இவர் 1920இல் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பல மக்களைப் பெற்று வளர்த்த குடும்பச் சுமைக்கிடையேதான் அம்மையாரின் நூற்பணி நடந்தது. தமிழ்ப் பழமொழிகளுக்கு இணையான ஆங்கிலப் பழமொழிகளைத் தொகுத்ததும், பிரெஞ்சு வீராங்கனை ஜோனின் வரலாற்றைத் தமிழில் எழுதியதும் அவருடைய பிற பணிகள். அடுக்களைக்கும் அச்சுப்படிக்கும் இடையே அவர் எத்தனை இரவுகளைக் கழித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

கட்டாய இந்தி ஆணையை எதிர்த்துத் தமிழகம் கிளர்ந்தெழுந்த 1938ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ராமசாமி அவர்களைப் பெரியார் என்றே அழைக்கவேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அம்மாநாட்டில்தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. அம்மையார் ஆழ்ந்த சைவர். பெரியாரோ கடவுள் மறுப்பாளர். 1920களின் இறுதியில் மறைமலையடிகளுக்கும் சுயமரியாதை இயக்கத்தாருக்கும் கடும் பூசல் நிகழ்ந்திருந்தது. அவற்றையெல்லாம் கடந்து, மொழிக்கு இடர் வந்த வேளையில் ஒரே பந்தலில் நின்றனர். மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் மறியல் செய்து சிறை ஏகினர்.

தனித்தமிழைப் பற்றி எனக்கும் ஓர் ஐயம் உண்டு, மறைக்காமல் கூறிவிடுகின்றேன். தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டில் பேசி, தமிழில் படித்து எழுதுவோர் பலர் வாழும் வட்டாரம் நம்முடையது. சொற்கள் இங்கே வேலி தாண்டி வருவதும் போவதும் அன்றாட நிகழ்ச்சி. அவற்றை யெல்லாம் ஒன்றுவிடாமல் விலக்கினால் எழுத்து வறண்டுவிடாதா? தனித்தமிழ் நடையில் எழுதப்பட்ட சில பக்கங்கள் கற்பாறைபோல் கனப்பதையும் கண்டிருக்கின்றேன். ஆயின் நம் வீடுகளின் பழைய பெட்டிகளில் கிடக்கும் விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். பிறகு இன்றைய திருமண அழைப்பிதழைப் பாருங்கள். அக்கிராசனர் தலைவரானதும், பிரசங்கம் சொற்பொழிவானதும், நமஸ்காரம் வணக்கமானதும் தாமே நிகழ்ந்தவை அல்ல. பலர் உழைத்த உழைப்பு அது. அம்மையாரின் உழைப்பும் அதனுள் அடங்கும்.

நெடிய வாழ்நாள் அவருக்கு வாய்க்கவில்லை. 1940களில், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். தோட்டத்தில் உடன் உலவிய மகளை இழந்த மறைமலையடிகள், 1950 செப்டம்பரில் தாமும் மறையும் வரை பல்லாவரத்து இல்லத்திலேயே நூல்களினூடே வாழ்ந்திருந்தார்.