தியாகராஜ விலாசமும் ஐயரவர்களும்

பழந்தமிழ் நூல்களைச் செல்லின் வாயினின்றும் மீட்டுத் தந்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் பெயரை நம் கல்லூரியிற் பயின்றார் எவரும் அறிவர். அவர் தம் வாழ்நாளின் பிற்பாதியைக் கழித்த வீட்டைப் பற்றி அறிந்தோர் சிலரே. அவ்வீடு சென்னைத் திருவல்லிக்கேணியிற் பிள்ளையார் கோயில் தெருவில் இருந்தது. தியாகராஜ விலாசம் என்பது அதன் பெயர். அதனை ஐயரவர்கள் விட்டு நீங்கிய கதையில் நம் துறைமுகப் பட்டினத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவாம்.

தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள் ஐயரவர்கள் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். மைந்தரும் இசைவழியே செல்லவேண்டுமென அவர் விரும்பினார். மைந்தரோ தமிழையே நாடினார். 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடம் உடனுறைந்து பயின்றார். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெறுங்கால் தம் இடத்துக்கு இவரையே பரிந்துரைத்தார். 1880இல் அப்பதவி கிடைத்தது. அந்நன்றியை மறவாது, பிற்காலத்தில் தம் வீட்டுக்கு அப்பெருந்தகையின் பெயரையே சூட்டினார்.

அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். அந்நூல் 1887இல் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. இந்நூல்களின் பிரதிகள் எங்கே கிடைத்தன? ஆதீனங்களிற் சில கிடைத்தன. எஞ்சியவற்றுட் பல வீடுகளிற் கிடைத்தன. பரணிலும் பெட்டியிலும், பாட்டன் காலத்து ஏடு என்று அவிழ்த்தும் பாராத கட்டிலும் அவை கிடந்தன. ஆழ்வார்திருநகரியிற் கவிராயர் ஒருவர் இல்லத்திலிருந்து வந்த பத்துப்பாட்டுச் சுவடி ஐயரவர்களை ஆனந்தக் கண்ணீரில் ஆழ்த்தியது. கரிவலம்வந்தநல்லூரிலோ, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டனர் என்னும் செய்தியே அவருக்குக் கிட்டியது. ஏடு வாழ்ந்தது வீடு வாழ்ந்தமையால் என்பதை ஊர் ஊராய் அலைந்த அவரைவிட நன்கு உணர்ந்தார் இலர்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம்பெற்று வந்த ஐயரவர்கள் பிள்ளையார் கோயில் தெருவில் முதலில் வாடகைக்குக் குடியமர்ந்து, பின்னர் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். அக்காலத் திருவல்லிக்கேணி வீடுகள் முகப்பிற் குறுகி உள்ளே நெடிது நீள்வன. தெருவோடு திண்ணை, அடுத்து நடை, கூடம், வானம் பார்க்கும் முற்றம், அதன் பின் அடுக்களை என்னும் வரிசை. நம் நாட்டு நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று; இடம் சுருங்கிய பட்டணத்தில் நாற்சார் ஒடுங்கி நின்றதென்று கொள்ளலாம். மேற்றளம் மெட்ராஸ் ஒட்டு எனப்படும். தேக்குச் சட்டங்களை இடைவிட்டு நிறுத்தி, சிறு செங்கற்களைச் சரிவாகக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தாற் பிணைப்பர். இக்காலத்துச் சீமெந்துத் தட்டு வெயிலை வாங்கி இரவெல்லாம் உமிழும்; அச்சுண்ணாம்புத் தளமோ உள்ளறையைக் குளிர்ச்சியாய் வைத்திருக்கும். ஏட்டுக்கும் அதுவே உவப்பு.

தியாகராஜ விலாசமும் அத்தெருவில் எழுந்த மாடிவீடு. அங்கே ஐயரவர்கள் தங்கியும் வந்தும் பயின்ற மாணாக்கர் சூழ வாழ்ந்தார். ஒருவர் ஏட்டை வாசிப்பார், மற்றவர் ஒப்பு நோக்குவார், ஐயரவர்கள் பாடபேதம் குறிப்பார். பதிற்றுப்பத்து 1904இலும், பரிபாடல் 1918இலும், பெருங்கதை 1924இலும், குறுந்தொகை 1937இலும் வெளிவந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டமும் வந்தன. கவி இரவீந்திரநாத தாகூர் அவ்வீடு தேடி வந்து சென்றார். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த தன்வரலாறும் அங்கிருந்தே எழுந்தது.

நம் தொடர்பு இனி வருகிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பல நாள் எரிந்தது. நம் முதியோர் காடும் கிராமமும் தேடி ஓடிய அந்நாட்களிற் சென்னையையும் அச்சம் கவ்விற்று. மக்கள் திரள் திரளாய் நகரை விட்டு அகன்றனர். எண்பத்தேழு வயதுக் கிழவராகிய ஐயரவர்களும் வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். அம்மாதம் 28ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். தன்வரலாறு முற்றுப்பெறாது நின்றது. தியாகராஜ விலாசத்தை அவர் மீண்டும் காணவில்லை.

சுவடிகள் பிழைத்தன. 1943இல் உருக்குமணி தேவியாரின் முயற்சியால் அடையாற்றில் ஐயரவர்கள் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. இன்று அது பெசன்ட் நகரில் உள்ளது. மாநிலக் கல்லூரி முன்றிலில் 1948இற் சிலை எழுந்தது. வீட்டையோ எவரும் ஏற்கவில்லை. தனியார் கைப்பட்ட அது 2012இல், தமிழன்பர் முறையீட்டுக்கிடையே இடிக்கப்பட்டது. அதே திருவல்லிக்கேணியிற் பாரதியார் வாழ்ந்த வீட்டை அரசு வாங்கி 1993இல் நினைவில்லமாக்கியமையை நோக்க, இஃது இயலாத காரியம் என்று சொல்வதற்கில்லை. சிலை வைப்பது எளிது, வீடு காப்பது செலவு என்று எண்ணினர் போலும்.

நம் ஊர்க்கும் இது புறக்கதையன்று. தமிழில் முதல் வரலாற்று நாவல் எனப்படும் மோகனாங்கியை 1895இல் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையவர்கள் திருகோணமலையிற் பிறந்தவர். ஐயரவர்கள் பின்னர்ப் பணியாற்றிய அதே மாநிலக் கல்லூரியிற் சுவடி நூலகராய் இருந்து 1902இல் மறைந்தவர். அவர் தமையனார் கனகசுந்தரம்பிள்ளையவர்கள் தமிழ் நாவலர் சரிதையைப் பதிப்பித்தவர். நம் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் ஏற்ற காலத்தில் அதனைப் பேணிய சுவாமி விபுலாநந்தர் 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார்; ஐயரவர்கள் அச்சேற்றிய சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையே அந்நூலின் அடிப்படை.

இத்துறைமுகத்தில் பிரெடரிக் கோட்டைக்கும் கடற்படை மாளிகைக்கும் காவலர் உளர். திண்ணையும் முற்றமும் உடைய குடும்ப வீடுகளுக்குக் காவலர் அவ்வீட்டாரே. விற்கவோ இடித்துக் கட்டவோ நேரின் அவர்களைக் குறைகூறல் தகாது. பிள்ளைகள் கடல்கடந்து போயினர், ஓடு மாற்றவும் காசு வேண்டும். ஆயினும், இடிக்குமுன் பரணைப் பாருங்கள். ஏடோ பழங்கடிதமோ இருப்பின் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். வீட்டின் நீள அகலமும் தூணும் நிலையும் ஒரு தாளிற் குறிக்கப்பட்டு, நான்கு புறமும் படம் பிடிக்கப்படட்டும். மேல்வகுப்பு மாணாக்கர்க்கு அது ஒரு விடுமுறை வேலைதான். பழைய மாணவர் சங்கம் அதற்கு ஒரு பேரேட்டைத் திறந்துவைத்தல் வேண்டும்.