முண்டா மக்களின் துணைவர் ஹாஃப்மன் அடிகளார்

இத்தீவுகளில் ராஞ்சிக்காரர் என்று நாம் அழைக்கும் அண்டை அயலார், முண்டா, ஓராவோன், காரியா குலங்களைச் சேர்ந்தவர்கள். 1918ஆம் ஆண்டு முதல், ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அலுவலகத்தின் வழியாக, அவர்தம் முன்னோர் அந்தமானுக்குக் காடு வெட்ட வந்தனர். அவர்களது தாயகமாகிய சோட்டாநாகபுரியில் அரும்பணி ஆற்றிய ஜான் ஹாஃப்மன் அடிகளாரின் சரித்திரத்தை நம் தமிழ்க் குடும்பங்களும் அறிந்திருத்தல் நன்று.

அடிகளார் 1857இல் ஜெர்மனியில் பிறந்தவர். வாலிபப் பிராயத்திலேயே சேசு சபையினராய் இந்தியா வந்தவர். அவர் இங்கிருந்த காலத்தில், 1891 மே 15ஆம் தேதி, பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து ஒரு நிருபம் விடுத்தார். உழைப்பவனுக்கு அவன் குடும்பம் பிழைக்கத்தக்க கூலி வேண்டும், தொழிலாளர் தம்முள் சங்கம் அமைத்துக்கொள்ளலாம், ஏழையும் சிறு உடைமை பெறுதல் வேண்டும் என்பன அதன் சாரம். ஐரோப்பிய ஆலைத் தொழிலாளரை எண்ணி எழுதப்பட்ட அக்கொள்கை, ஆலையே இல்லாத முண்டா நாட்டிற்கு எவ்வாறு பொருந்தும்?

அங்கே வழக்கு நிலத்தைப் பற்றியது. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய வம்சத்தாருக்கே அந்நிலம் பொதுவில் உரியது என்பது முண்டாக்களின் தொன்றுதொட்ட முறை. இதற்குக் குந்த்கட்டி என்று பெயர். ஜமீன்தாரும் லேவாதேவிக்காரரும் இம்முறையைச் சிதைத்தனர். முண்டாரி மொழி அறியாத நீதிமன்றங்களோ காகிதம் வைத்திருந்தவன் பக்கமே நின்றன. மனம் பொறாத மக்கள் பிர்சா முண்டாவின் தலைமையில் 1899 டிசம்பரில் கிளர்ந்தெழுந்தபோது, அடிகளார் தங்கியிருந்த ஸர்வதா மடத்தின்மீதும் அம்புகள் பாய்ந்தன. அடிகளார் அக்கிளர்ச்சியை ஆதரித்தவர் அல்லர். இதை மறைத்து எழுதுதல் நமக்குச் சம்மதமில்லை. ஆயினும் கிளர்ச்சி அடங்கிய பின்னர், அதன் வேர் நிலத்தில்தான் உள்ளது என்பதை அரசினருக்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1903இல் முண்டாரி இலக்கணம் வெளியிட்டார். ஆதிவாசியின் நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கும் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டம் 1908இல் இயற்றப்பட்டபோது, முண்டா நிலமுறை பற்றி அவர் தந்த விளக்கம் பெருந்துணையாயிற்று.

சட்டம் நிலத்தைக் காக்கும்; கடனை யார் அடைப்பது? விதைநெல்லுக்குக் கடன் வாங்கியவன் அறுவடையை வட்டிக்கே அளந்துவிடுவான். ஆகவே 1909இல் அடிகளார் ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பார் வகுத்த வழி அது: ஊராரே சிறு சேமிப்பைச் சேர்ப்பர், தமக்குள் அறிந்தவர்க்கே குறைந்த வட்டியில் கடன் தருவர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் மகளின் கலியாணத்திற்குக் கூட்டுறவுக் கடனையே நம்பியவராதலின், இதன் அருமை நமக்கு நன்கு விளங்குகிறது. எழுத்தறியாத உழவர்களைக் கணக்குப் பார்க்கப் பழக்குதல் எத்துணைக் கடினம்! தானமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவது அதனினும் எளிது. அடிகளார் அவ்வெளிய வழியை நாடவில்லை.

முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் 1915இல் அவரை ஆங்கில அரசு நாட்டைவிட்டு அனுப்பியது. தாம் வளர்த்த சங்கத்தை அவர் மீண்டும் காணவில்லை. பிறந்த நாட்டிலிருந்தவாறே முண்டாரிக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்து வந்து, 1928இல் காலமானார். அக்களஞ்சியத்தின் தொகுதிகள் 1930 முதல் அச்சேறத் தொடங்கின.