நொண்டிய குதிரையும் ஜான் வெஸ்லியும்



எழுப்புதல் என்றாலே நம் நினைவுக்கு வருகிற தேவ மனிதர்களில் ஒருவர் ஜான் வெஸ்லி. 1703-ம் வருஷம் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில், ஒரு போதகரின் வீட்டில் பிறந்தார். 1709-ல் அந்த வீடு தீப்பற்றி எரிந்தபோது, ஐந்து வயசுப் பிள்ளையான அவரை ஜன்னல் வழியாகத் தூக்கிக் காப்பாற்றினார்கள். 1738 மே 24-ம் தேதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் இரட்சிப்பின் நிச்சயத்தைப் பெற்றார். அடுத்த வருஷமே பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நாளில் பஸ் ஏது, ரயில் ஏது? குதிரைதான். வெஸ்லி தம் வாழ்நாளில் சுமார் 2,50,000 மைல் பிரயாணம் செய்தார், 40,000 பிரசங்கங்கள் செய்தார் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி குதிரையின் முதுகில்தான். அப்படியானால் குதிரையின் கால் நொண்டினால் ஊழியமும் நின்றுபோகும் அல்லவா?

1746 மார்ச் 17. வெஸ்லி நியூகாசில் பட்டணத்தைவிட்டு இரண்டு உடன் ஊழியரோடு புறப்பட்டார். ஸ்மீட்டன் என்ற ஊர் வந்ததும் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போய், அங்கேயே தங்கிவிட்டார். மற்ற இருவரும் கிளம்பினால், வெஸ்லியின் குதிரை நொண்ட ஆரம்பித்தது. காலைத் தரையில் ஊன்றவே தயங்கியது. பார்த்தார்கள், காரணம் ஒன்றும் புலப்படவில்லை. அப்படியே ஏழு மைல் போனதில் வெஸ்லி களைத்துப்போனார். தலைவலியும் மண்டையைப் பிளந்தது. அப்போது அவர் உள்ளத்தில் ஒரு நினைவு: மனுஷனையும் மிருகத்தையும் கர்த்தரால் மருந்தோடும் மருந்தில்லாமலும் குணமாக்க முடியாதா? அந்த நிமிஷமே களைப்பும் தலைவலியும் பறந்தன. குதிரையின் நொண்டலும் நின்றது! அன்றைக்கும் சரி, மறுநாளும் சரி, அது நொண்டவே இல்லை.

இதைத் தம் நாட்குறிப்பில் எழுதின வெஸ்லி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவரவர் தமக்குத் தோன்றியபடி விளங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். குளம்பில் சிக்கிய கல் விழுந்திருக்கும் என்று ஒருவர் சொன்னாலும் அவர் சண்டைக்குப் போயிருக்கமாட்டார்.

இந்தச் சாட்சியைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனா அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் கேளுங்கள். குதிரை ஜெபத்தால் குணமானது, இனி கவலை இல்லை என்று வெஸ்லி இருந்துவிடவில்லை. தம் பிரசங்கிமாருக்கு அவர் கொடுத்த ஒழுங்குகளில் குதிரைக்கும் இடம் இருந்தது. வேகமாக ஓட்டி வதைக்கக்கூடாது. குதிரையின் உடம்பைத் தேய்த்துவிட்டார்களா, தீனி வைத்தார்களா, படுக்கப் புல் பரப்பினார்களா என்று ஊழியக்காரர் தம் கண்ணாலேயே பார்க்கவேண்டும். வேலைக்காரன் பார்த்துக்கொள்வான் என்று சாப்பிட உட்காரக்கூடாது!

அவரே சவாரியில் கடிவாள வாரைத் தளர்த்திவிட்டுப் புத்தகம் வாசித்துக்கொண்டு போவார். வாரை இழுத்துப் பிடித்தால்தான் குதிரை இடறாது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அது பெரிய தப்பு என்று 1770-ல் தம் அனுபவத்திலிருந்து எழுதினார். 1,00,000 மைலுக்கு மேல் தளர்ந்த வாரோடு போனதில் இரண்டே குதிரைகள்தான் விழுந்தனவாம்.

இன்றைக்குக் குதிரை வைத்திருக்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். லேசான நொண்டலை நடையிலேயே கண்டுபிடிக்கலாம். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கும். உடனே இறங்கிவிடவேண்டும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து, கல் சிக்கியிருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மற்றக் குளம்பைவிடச் சூடாக இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். பிறகு வேலை வாங்காமல் ஓய்வு. ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் கால்நடை மருத்துவர். ஆணி ஏறியிருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது.

ஜெபிக்கிறவன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பது அவிசுவாசமா? இல்லவே இல்லை. நீதிமான் தன் மிருகத்தின்மேலும் கரிசனை உள்ளவன் என்று நீதிமொழிகள் 12-ம் அதிகாரம் போதிக்கிறதே! 1781-ல் ரோமர் 8-ம் அதிகாரத்தை வைத்து எழுதின பிரசங்கத்தில், வரப்போகிற விடுதலையில் மிருகங்களுக்கும் பங்கு உண்டு என்றே வெஸ்லி நம்பிக்கையோடு சொன்னார்.

1791 மார்ச் 2-ம் தேதி, 87-ம் வயதில் லண்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரை ஊர் ஊராகச் சுமந்த குதிரைகள் எத்தனையோ! வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்ல அவைகளால் முடியாது. நம்மைச் சுமக்கிற ஜீவனுக்காக முழங்காலில் நிற்போம். எழுந்ததும் அதின் காலையும் பார்ப்போம். ஆமென்.